பின் இருக்கை அதிராமல்

அண்ணி,

இன்று பிரிக்பீல்ட்ஸில், ஓர் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் ஏற்றத்தில் வரிசையாக நின்றிருந்தோம். பாதி இறக்கியிருந்த கண்ணாடி வழியே கிளட்ச் கருகும் அந்த வாடை உள்ளே வந்தது. முன்னால் நின்ற காரின் ஓட்டுநர் கைபிரேக் போடாமல், கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே வண்டியைச் சரிவில் தொங்கவிட்டிருந்தார். கருகுவது நம் கார் இல்லை என்று தெரிந்தும் கைபிரேக்கை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். பின்னால் என் பையன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

உங்கள் முதுகெலும்புக்குப் புற்று பரவிவிட்டது என்று சொன்ன பிறகு, கதிர்வீச்சுக்காகத் தினமும் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு உங்களை அழைத்துப்போக ஆள் தேவைப்பட்டது. அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை. வாடகைக் காரில் ஒரே ஒரு நாள் போனீர்கள். அந்த ஆள் சமிக்ஞை விளக்குதோறும் பிரேக்கை மிதித்த மிதியில், வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் சாப்பிடக்கூட எழவில்லை. மறுநாள் அண்ணனின் பழைய மேனுவல் காரை நான் எடுத்தேன். லைசென்ஸ் வாங்கியதோடு சரி, கியர் வண்டியைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. பையனை விட்டுவர இடமில்லை. அப்போதுதான் ஒன்றிரண்டு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தவன், அவனும் உங்கள் பக்கத்தில்.

கேட்டைத் தாண்டுவதற்குள் வண்டி குதித்துக் குதித்து நின்றது.

"என்ன தேவி, குதிரை வாங்கிட்டியா? சொல்லவே இல்ல!"

சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். கேட்டு முடித்ததும் தோளில் கிடந்த துண்டின் நுனியை எடுத்துப் பற்களுக்கிடையே வைத்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அன்றிலிருந்து நான் இடது காலாலேயே வாழ்ந்தேன் என்று சொல்லலாம். கிளட்ச்சை இழை இழையாக விடுவேன். நகர்ந்ததே தெரியாமல் வண்டி நகரும். சில நாள் ஷா ஆலாம் தாண்டும்போது நீங்கள் தூங்கியிருப்பீர்கள். எனக்குப் பரீட்சையில் தேறியது போல இருக்கும். ஆனால் உங்களை வலியில்லாமல் கொண்டுபோன அந்த வழுக்கல்தான் உள்ளே கிளட்ச் பிளேட்டைத் தின்றுகொண்டிருந்தது.

வண்டி பழுது பார்க்கும் போர்மன் கண்டுபிடித்துவிட்டார். "எந்நேரமும் ஹாஃப் கிளட்ச்சா அக்கா? பிளேட் தேஞ்சு போச்சு. ஜாம்ல ஊராதீங்க. முன்னுக்கு இடம் விட்டு நில்லுங்க, மேட்டுல ஹேண்ட்பிரேக் போடுங்க, கெளம்பும்போது கால முழுசா எடுத்துருங்க. இல்லன்னா காரை இங்க விட்டுட்டுப் போங்க, மாத்திடலாம்."

விட்டுவிட்டு வந்தால் மறுநாள் எதில் போவது? உங்களிடம் சொன்னேன். "இன்னும் கொஞ்ச நாள்தானே லா. ஓடுற வரைக்கும் ஓடட்டும்," என்றீர்கள். காரைத்தான் சொன்னீர்கள்.

அடுத்து வந்த நாட்களில் வண்டி எச்சரித்துக்கொண்டே இருந்தது. எண்ணெய் பெடலை மிதித்தால் இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது. பிறகு மெதுவாகப் பிடிக்கும். பிடிக்காத அந்தக் கணம் நாளுக்கு நாள் நீண்டது.

பெட்டாலிங் ஜெயா மேம்பால ஏற்றத்தில் அது பிடிக்கவே இல்லை. காலை நெரிசல். பின்கண்ணாடி முழுக்க ஒரு லோரியின் முகம். இன்ஜின் அலறியது. நாமோ பின்னால் வழுக்கினோம். லோரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கைபிரேக்கை இழுத்தேன். காருக்குள் வாடை நிரம்ப, பையன் வீறிட்டான்.

"தேவி, போர்மன் சொன்ன மாதிரி கால எடு. முழுசா."

"குதிக்கும் அண்ணி."

"குதிக்கட்டும்."

"உங்களுக்கு வலிக்கும்."

"எனக்குத் தெரியாதாடி? பின்னாடி லோரி நிக்குது, புள்ள இருக்கான். நான் சொல்றப்போ எடு."

முன்னால் இடம் விழும்வரை இருவரும் காத்திருந்தோம். "எடு," என்றீர்கள். எடுத்தேன். கார் உதறிக்கொண்டு பாய்ந்து நின்றது. மறுபடி கைபிரேக். மறுபடி இடம். "எடு." மேம்பாலத்தின் உச்சி வரை ஒவ்வொரு உதறலுக்கும் நீங்களே உத்தரவு கொடுத்தீர்கள். சொல்லுக்கும் உதறலுக்கும் நடுவே உங்கள் மூச்சு நிற்பது எனக்குக் கேட்டது. உதறிய பிறகு எதுவும் கேட்கவில்லை. மருத்துவமனை வாசலில் இறங்கும்போது, பல்லில் கடித்திருந்த துண்டை உள்பக்கமாக மடித்துப் பிடித்துக்கொண்டீர்கள். ரத்தச் சிவப்பு ஏற்கெனவே என் கண்ணில் பட்டிருந்தது.

நீங்கள் போன பிறகுதான் புது பிளேட் போட்டேன். அந்தக் காரில் நீங்கள் ஏறவே இல்லை. ஏற்றத்தில் அது இப்போது எவ்வளவு சுத்தமாகப் பிடிக்கிறது தெரியுமா? கைபிரேக், ஒரே எடுப்பு, ஓர் அதிர்வுகூடக் கிடையாது. ஓடும்போது பெடல் மேல் கால் வைப்பதில்லை, பக்கத்தில் தரையில் வைக்கிறேன். போர்மன் மெச்சுகிறார்.

இன்று முன்னால் இருந்த கார் ஒருவழியாக ஏறிப்போனது. கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கப்போன நேரம், பின்னாலிருந்து முணுமுணுப்பாக ஒரு குரல்.

"எடு."

என் கால் பெடலிலேயே நின்றுவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"என்னடா சொன்னே?"

"எடுன்னு சொல்லணும்ல மா. சொல்லலைன்னா வலிக்கும்."

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல. நான் எப்பவும் சொல்வேன். மெதுவா சொல்வேன், உங்களுக்குக் கேக்காது."

யாருக்கு வலிக்கும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அண்ணி. இத்தனை வருடம் ஒவ்வொரு ஏற்றத்திலும் உங்கள் குரலை நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அடுத்த தளத்துக்கு இன்னொரு ஏற்றம் இருந்தது. கைபிரேக்கைப் பிடித்தபடி, அவன் சொல்லும்வரை காலை எடுக்காமல் காத்திருந்தேன்.