பார்லர் அக்காவும் நானும் வாங்கிய நிதி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

எங்கள் மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி கிடைத்துவிட்டது, அம்மா! தெருமுனையில் பியூட்டி பார்லர் நடத்தும் அக்காவும் இதில் கூட்டாளி. நிதி தரும் குழுவின் நேர்காணலில், "பார்லர் எதுக்கு?" என்று கேட்டார்கள்.

"டாக்டர்கிட்ட கூச்சப்படுறவங்க, என்கிட்ட தலையைக் குடுத்ததும் எல்லாத்தையும் சொல்லிடுவாங்க. பரிசோதனைக்கு நானே கூட்டிட்டு வரேன்" என்றார் அக்கா. குழுவே சிரித்துவிட்டது.

செய்தி வந்ததும் படியில் துள்ளி இறங்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டேன். வீக்கம் வடிந்துவிட்டது, பயப்படாதே. உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம், உன் வாசனை போய்விடும்.

அக்கா கீழே நின்று கூப்பிடுகிறார். முதல் பரிசோதனை அவருக்குத்தான். கையைப் பிடித்துக்கொள்ள நான் வேண்டுமாம். நீயும் இந்த வாரமே போய்ச் செய்துகொள். சித்தியைக் கூட்டிக்கொண்டு போ. உன் கையைப் பிடிக்க நான் அங்கே இல்லையே.

ஓட்டமாக ஓடும்,
உன் சின்னவள்