எழுபது நிறைந்தவர்களுக்கு மட்டும்

அண்ணே,

இன்று காலை கால்ஃப் கிளப்பில் எனக்குப் பேட்டரி கார் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். கொட்டகைக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரியின் புளித்த நெடி. மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வடக்குத்து ஊர்க்காரர் செல்வம்தான் வண்டியைத் துடைத்து வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். "எழுவது ஆயிடுச்சில்லீங்க. இனிமே நீங்க நடக்க வேணாம் சார்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஏறி உட்கார்ந்த எனக்கு வெகுநேரம் வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

இப்போதெல்லாம் எதைச் செய்தாலும் அலுப்பாக இருக்கிறது அண்ணே. இந்தக் கடிதத்தை மூன்று வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டும். அப்போது படிக்க நீங்கள் இருந்தீர்கள், எழுத எனக்குத்தான் மனம் வரவில்லை.

நான் டிரெயினியாக நெய்வேலி மைன்ஸில் இறங்கியபோது நீங்கள் மண் வெட்டும் பெரிய எந்திரத்தின் ஆப்பரேட்டர். என்னைவிட நாலு வயது மூத்தவர், ஆனாலும் நான் உங்களுக்கு சார், நீங்கள் எனக்கு அண்ணே. கடைசி வருடங்களில் பதவி உயர்வு வந்து நீங்களும் ஆபீசர் ஆனீர்கள். கிளப்பில் சேரலாம் என்றதும் நான்தான் உங்களை இழுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் மட்டையைச் சுழற்றினீர்கள். பந்து கிடந்த இடத்திலேயே கிடந்தது, ஒரு கூடை மண் மட்டும் பறந்தது. "முப்பது வருசமா மண்ணத்தான வெட்டிகினு இருக்கேன், கை அதுக்குத்தான் தம்பி போவுது" என்றீர்கள். நீங்கள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல்முறை. அதற்குப் பிறகு மைதானத்துக்குள் தம்பி, கேட்டைத் தாண்டினால் சார். யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடில்லை. அப்படியே ஓய்வு பெற்ற பிறகும் நடந்தது.

சனிக்கிழமை தவறாமல் வருவீர்கள். ஒன்பது குழியும் நடந்து முடித்தபின் கேன்டீனில் ஆளுக்கொரு டீ. மைன்ஸில் அத்தனை வருடம் பேசாததையெல்லாம் அந்த நடையில்தான் பேசினோம்.

கிளப்புக்கு இரண்டு பேட்டரி கார் வந்தபோது நான் செக்ரட்டரி. இளவட்ட ஆபீசர்கள் மழை பெய்த மறுநாளும் அதை ஓட்டிக்கொண்டு போய்ப் புல்லைச் சேறாக்கினார்கள். கோபத்தில் ஒரே மூச்சில் விதி எழுதினேன். பள்ளிச் சான்றிதழ்படி எழுபது வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் வண்டி. மற்றவர்கள் டாக்டர் கடிதம் கொண்டுவர வேண்டும். மழை நாளில் யாருக்கும் கிடையாது. பாதுகாப்பு விதிகளாக எழுதிப் பழகிய கை. சந்துபொந்து இல்லாமல் எழுதிவிட்டதாக எனக்கு அன்று பெருமைகூட இருந்தது.

அடுத்த மாதமே நீங்கள் வந்து நின்றீர்கள். முதல் குழி அருகில் கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"தம்பி, முட்டிய மடக்க முடியல. பாதி தூரம் போறதுக்குள்ள உசுரு போவுது. எனக்கும் எழுவது ஆயிடுச்சு. அந்த வண்டிய குடுங்களேன்."

"சர்டிஃபிகேட்ல அறுபத்தெட்டுதானே அண்ணே ஆகுது?"

"அது வாத்தியாரு போட்ட வயசு. எங்கம்மாவுக்குத் தேதி தெரியல, அவரா ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டாரு. எங்க தெருவுல பாதிப் பேரு ஜூன் ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் கடிதம் வாங்கி வாருங்கள் என்றேன். "அவரு ஆடவே வேணாம்னு எழுதிடுவாரு தம்பி" என்றீர்கள். அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சரி என்று சாவியைக் கொடுத்திருக்கலாம். போட்டு ஒரு மாதம் ஆகாத விதியை நானே மீறுவதா என்ற வீறாப்பு. "அதே சர்டிஃபிகேட்டை வச்சுத்தானே ரெண்டு வருஷம் கூடுதலா சர்வீஸ் பார்த்தீங்க? அப்ப மட்டும் அது சரியான வயசா?" என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால் கேட்டேன்.

நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "சரிங்க சார்" என்றீர்கள்.

மைதானத்துக்குள் சார்.

அன்றைக்கும் நடந்தே ஆடினீர்கள். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை வந்தீர்கள். ஐந்தாவது குழி தாண்டியதும் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்துவிடுவீர்கள், நாங்கள் முடித்துத் திரும்பும்வரை. நாலாவது சனிக்கிழமை வரவில்லை. போன் செய்தேன். "வூட்ல கொஞ்சம் வேலை இருக்கு சார்" என்றீர்கள். நம்பினேன். நம்புவதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, மாரடைப்பு என்று சொல்லி அனுப்பினார்கள். சான்றிதழ்படி உங்களுக்கு எழுபது நிறைய இன்னும் நாலு மாதம் இருந்தது. பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தபோது அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார்கள். "சனிக்கெழம ஆனா காலையிலயே தொப்பிய மாட்டிகினு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு சார். எங்க போறீங்கன்னு கேட்டா, எங்கியும் இல்லம்பாரு" என்றார்கள். குறையாகச் சொல்லவில்லை. என்னிடம் ஒரு சேதியாகத்தான் சொன்னார்கள். அந்தக் காபியை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

போன மாதம் கமிட்டியில் வயது வரம்பை எடுத்துவிடலாம், கேட்பவருக்குக் கொடுக்கலாம் என்று பேசிப் பார்த்தேன். இப்போதைய செக்ரட்டரி பணிவான பையன்தான். "சார், இது நீங்க எழுதின ரூல். இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட்கூட வந்ததில்லையே" என்றான். வரவில்லைதான். வாதாடத் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

இன்று சாவி வாங்க ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. சான்றிதழ்படி பிறந்த தேதி. நான் நிறுத்தி நிதானமாக எழுதினேன், செல்வம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தேதி பொய் என்பது நெய்வேலியில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். ஐந்து வயது ஆகாவிட்டால் பள்ளியில் சேர்க்கமாட்டார்கள் என்று என் அப்பா ஒரு வருடம் கூட்டிச் சொன்ன வயது அது. ஒரு வருடம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்புகிறார்களே என்று நான் ரிடையர் ஆகும்போது ஒன்பது குழியும் உங்களிடம்தான் புலம்பிக்கொண்டு வந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு கூடவே நடந்தீர்கள்.

எனக்கு இன்னும் எழுபது ஆகவில்லை அண்ணே. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன், வண்டியையும் ஓட்டினேன். என் முட்டியும் வலிக்கிறது.

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நீங்கள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்க சர்டிஃபிகேட் மட்டும் சரியா தம்பி என்று கேட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே சாவியைக் கொடுத்திருப்பேன். அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னைக் காட்டிக்கொடுக்காமல், முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து போனீர்கள்.