ஒரு சொட்டு ரத்தம் வரவில்லையாம்

அன்புள்ள அப்பா,

அன்புள்ள என்று எழுதிவிட்டேன், அதில் பொய்யில்லை. ஆனால் இந்தக் கடிதம் முழுக்க உங்களைத் திட்டத்தான் போகிறேன். உயிரோடு இருந்தபோது நான் வாயைத் திறந்தாலே லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவீர்கள். இப்போது எங்கே போவீர்கள்?

ஈஜோக்கில் நம் பழைய தோட்டத்துக் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குப் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். போன வருஷம் அங்கேதான் முதுகில் கொக்கியும் கன்னத்தில் வேலுமாகக் காவடி எடுத்து ஆடி வந்தீர்கள். மறுநாள் காலை அம்மா தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டீர்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் உங்கள் காவடியைத்தான் பேசினார்கள். "ஒரு சொட்டு ரத்தம் வரலையே! என்னா விரதம்! முருகன் கையோட கூட்டிக்கிட்டான் லா." அத்தனை பேரையும் வெளியே விரட்ட வேண்டும்போல் இருந்தது எனக்கு.

ரத்தம் ஏன் வரவில்லை என்று அன்றைக்கே அம்மா அழுதுகொண்டே சொல்லிவிட்டார். நெஞ்சில் அடைத்திருந்த குழாயை விரித்துக் கம்பிவலை வைத்தார்களே, அதோடு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் கொடுத்தார்களே, விரதம் தொடங்கியதும் அதை நிறுத்திவிட்டீர்களாம். "அந்த மருந்து ரத்தத்த தண்ணியாக்கிடும். அலகு குத்துனா கொட்டும். விரதம் சுத்தமில்லேன்னு நாலு பேரு பேசுவான்" என்றீர்களாம். நாலு பேர்! அந்த நாலு பேர்தான் உங்களைத் தூக்கிக்கொண்டும் போனார்கள்.

அசாம் ஜாவா டவுன் கிளினிக்கில் நான் செய்கிற வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். காலையிலிருந்து வருகிறவர்கள் கையில் நரம்பு தேடி ரத்தம் எடுக்கிறேன். விரதக்காரர் ரத்தம், கோழிக்கறி தின்றவர் ரத்தம் என்று அது ஒருநாளும் பிரிந்து வந்ததில்லை. மருந்தை விடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான் உங்களுக்குச் சொல்ல வந்தால் மட்டும், "நீ என்ன டாக்டரா?" என்பீர்கள்.

கேளுங்கள், இப்போது எழுந்து போக முடியாதே. உடம்பெல்லாம் சுற்றிக் களைத்த ரத்தம் கறுத்துப்போய் இதயத்தின் வலப்பக்கம் வந்து சேர்கிறது. அங்கிருந்து நுரையீரலுக்குப் போய், மூச்சுக்காற்றை வாங்கிக்கொண்டு, சிவந்து இடப்பக்கம் திரும்புகிறது. இடப்பக்கம் ஓர் அமுக்கு அமுக்கினால் பெரிய குழாய் வழியே தலைக்கும் கைக்கும் காலுக்கும் பாய்கிறது. குழாய்கள் கிளை கிளையாய்ப் பிரிந்து தலைமுடியைவிட மெலிந்துபோகிற இடத்தில், கொண்டுவந்ததைக் கொடுத்து, கழிவை வாங்கிக்கொண்டு, வேறு குழாய்களில் திரும்பி வருகிறது.

காலிலிருந்து மேலே ஏறுவதுதான் அதற்குப் பெரும்பாடு. நடக்கும்போது ஆடுசதை அதை அமுக்கி ஏற்ற வேண்டும். குழாய்க்குள் இருக்கும் சின்னக் கதவுகள் கீழே இறங்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்களோ எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை ஓட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, வீங்கிய காலோடு வருவீர்கள். கேட்டால் "வயசாகுது லா" என்று ஒரே பதில்.

இன்னொன்றும் உண்டு. இத்தனை ரத்தம் உள்ளே வந்து போனாலும், இதயத்தின் தசை அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியாது. பந்தியில் பரிமாறுகிறவன் வாளியிலிருந்து அள்ளித் தின்ன முடியாத மாதிரி. அதன்மேல் படர்ந்திருக்கிற சின்னக் குழாய்கள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. அதில் ஒன்றில்தான் உங்கள் கம்பிவலை. உடம்புக்குள் புதிதாக எதையாவது கண்டால் ரத்தம் அதைச் சுற்றி உறையப் பார்க்கும். கன்னத்தில் வேல் ஏறிய இடத்திலும் உறைந்து அடைத்தது, நெஞ்சில் கம்பிவலை இருந்த இடத்திலும் உறைந்து அடைத்தது. வெளியே நடந்ததற்கு அரோகரா சொன்னார்கள். உள்ளே நடந்ததை யார் பார்த்தார்கள்?

முருகன்மேல் எனக்குக் கோபமில்லை. ரத்தம் வரக்கூடாது என்று அவர் எங்கே கேட்டார்?

இப்போது வீட்டுச் செய்தி. தம்பி சரவணனுக்கும் நெஞ்சில் அடைப்பு. வேறு எதைக் கொடுத்தீர்களோ இல்லையோ, இதை மட்டும் பிள்ளைக்குச் சரியாகக் கொடுத்துவிட்டீர்கள். தீபாவளி முடிந்த கையோடு வலிக்கிறது என்று வந்தான், ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அவனுக்கும் கம்பிவலை, அவனுக்கும் அதே மாத்திரை. நீங்கள் மூன்று வருஷத்துக்கு வேண்டிக்கொண்ட காவடி பாதியில் நிற்கிறதாம், மிச்சத்தை அவன் எடுப்பானாம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் வந்தார். "மருந்த ரெண்டு வாரம் நிப்பாட்டுடா. உங்கப்பன் பேர கெடுத்துறாத" என்றார். சரவணன் தலையாட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வந்தேன்.

"பெரியப்பா, அப்பா எதனால செத்தாருன்னு தெரியுமா?"

"சாமி கூட்டிக்கிச்சு."

"சாமி இல்ல. நீங்க சொல்றீங்களே, அந்தப் பேரு."

எழுந்து போனவர்தான், இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும். ஆனால் அவர் போனபிறகு சரவணன் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ரத்தம் வந்தா அப்பாவுக்குத்தானேக்கா அசிங்கம்?" செத்த பிறகும் அவன் மாத்திரையைப் பிடுங்குவது நீங்கள்தான் அப்பா. அவனுக்கு ஒரு குழந்தை இருக்கிறது. அதையாவது நினைத்தீர்களா?

டாக்டர் அலகே வேண்டாம் என்றார். அவன் கேட்கவில்லை, உங்கள் பிள்ளைதானே. கடைசியில் டாக்டர் முன்னாலேயே சண்டை போட்டு முடித்தேன். கொக்கி கிடையாது, கன்னத்தில் கிடையாது, நெற்றியில் மட்டும் ஒரே ஒரு சின்ன வேல். மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உத்திரத்தன்று காலையிலும் அவன் என் கண்ணெதிரில் மாத்திரை போடுவான். வேல் ஏறும்போது ரத்தம் வரும். வரட்டும். நான் பக்கத்தில் நின்று, ஊரே பார்க்க, அவன் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கோயில்வரைக்கும் கூட நடப்பேன். யாராவது உங்கள் விரதத்தைப் பற்றி வாயெடுத்தால், நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்று அங்கேயே சொல்வேன்.

உங்கள் பேர் கெட்டால் கெட்டுப் போகட்டும் அப்பா. எனக்கு என் தம்பி வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்,
சரவணனின் அக்கா.