இடது தோள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இன்று தார் போடுகிறார்கள். ஜன்னலை மூடியும் வாசனை உள்ளே வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது ரோடு. எனக்கு நீ. சொரியாசிஸுக்கு நீ முழங்கையில் பூசிக்கொண்ட தார் கலந்த களிம்பும் இப்படித்தான் மணக்கும். உன் டிரெய்லர் லாரியின் சீட்டில், நீ குடித்து வைத்த டீ கிளாஸில்கூட.

கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை. சீட்டில் உதிர்ந்த வெள்ளைச் செதில்களைப் பார்த்து உன் கிளீனர் இறங்கிப் போனார். "ஒட்டிக்குமாம். போவட்டும் மாமு, சீட்டு காலியா கீது, நீ ஏறு" என்றாய். ஏறினேன். எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே, கன்டெய்னர் வண்டிகளின் வரிசையில், எத்தனையோ மதியங்கள்.

பள்ளியில் ஒரே பெஞ்ச் நாம். நான் நோய் எதிர்ப்பியலில் ஆய்வு மாணவன் ஆனேன். உனக்கு அது போதும்: 'டாக்டரு'. நான் திருத்தவில்லை. பிடித்திருந்தது.

"என் ஒடம்பே என்னாண்ட இன்னாத்துக்கு சண்ட போடுது?"

சலான் தாளின் பின்புறம் அம்புக்குறிகள் வரைந்தேன். இல்லாத பகைவனுக்காக எதிர்ப்புச் செல்கள் சேதி அனுப்புகின்றன. அந்தச் சேதியின் பெயர் இன்டர்லூகின் இருபத்து மூன்று. அது பதினேழைக் கிளப்பிவிடுகிறது. பதினேழு தோலிடம் சொல்கிறது: வளர், சீக்கிரம் வளர். ஒரு மாதம் எடுத்து உதிர வேண்டிய தோல் சில நாட்களில் உதிர்கிறது. பழைய மாத்திரைகள் மொத்த எதிர்ப்பையும் அடக்கும். புதிய ஊசி அந்தப் பதினேழை மட்டும் பிடிக்கும்.

"ஹார்பர் கேட்டையே மூடாம, ஒரே ஒரு வண்டிய மட்டும் ஓரங்கட்றாங்க" என்றேன்.

"அந்த டிரைவர் பாடு பேஜாருதான்" என்று சிரித்தாய். பிறகு, மெதுவாக: "ஊசி போட்டா அரைக்கை சட்ட போடலாமா?"

போடலாம் என்றேன். ஊசிக்கு முன் செய்யும் பரிசோதனைகளுக்குப் போக ஆரம்பித்திருந்தாய்.

அந்த மதியம் வரிசையிலிருந்து போன் செய்தாய்.

"டாக்டரே, எடது தோளு வலிக்குது. கை வரைக்கும் இஸ்துகினு போவுது."

"மூட்டுக்கு வந்துருக்கும்டா. இந்த வியாதில வர்றதுதான். அதே பதினேழுதான்."

"வேர்த்து ஊத்துது."

"உன் கேபின்ல யாருக்குத்தான் வேர்க்காது?"

"அதானே. சரி, வச்சிட்றேன்."

வரிசை நகர்ந்தது. உன் வண்டி நகரவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்களாம்.

இதயம் என்றார்கள். தோலில் எரிவது இதயத்தின் ரத்தக் குழாய்களிலும் எரியக்கூடும். பாடப்புத்தகத்தில் மூட்டுக்கு அடுத்த பக்கம். பரீட்சைக்கு அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறேன். தெரியாமல் சொல்லவில்லை. ஒரு காரணம் கைக்கு வந்ததும் அடுத்ததைத் தேடவில்லை.

இப்போது யாராவது வலி என்றால் நான் காரணம் சொல்வதில்லை. எப்போதிருந்து, எங்கே, வேர்க்கிறதா. கேட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கிறேன். கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

உன் காரியத்தன்று உன் மனைவி என்னைத் தனியே அழைத்தார். "உங்களாண்ட பேசிட்டு எனக்கு போன் பண்ணாருண்ணா. வெறும் மூட்டுவலிதான், டாக்டரு சொல்ட்டான், பயப்படாதன்னாரு. பயமில்லாம போய் சேந்தாரு. அது உங்களாலதான்."

தலையாட்டினேன்.

உண்மையைச் சொல்ல அதன்பிறகு மூன்று முறை உன் வீட்டுக்குப் போனேன். மூன்று முறையும் அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.