வாசல் கேமராவின் கார்டு

தம்பி,

சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. நேற்று நான் கத்தியதற்காகப் பட்டினி கிடக்காதே. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் இந்தச் சீட்டு.

கண்ணாடி போட்ட உன் சிநேகிதன் நேற்று நம் கம்ப்யூட்டரில் பயாஸ் அப்டேட் செய்தான் இல்லையா? காலையில் பார்த்தால் வாசல் கேமரா இருட்டு. ராத்திரி முழுக்க ஒரு பதிவும் இல்லை. உள்ளே கேமரா வயரைச் செருகுகிற கார்டே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. கழற்றி, ரப்பரால் துடைத்து, மறுபடி செருகினேன். ம்ஹூம். பக்கத்து ஸ்லாட்டில் செருகியதும் வந்துவிட்டது. பயாஸுக்குள், அதுதான் கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்குக்குள், போய்ப் பார்த்தால், பழைய ஸ்லாட் மட்டும் ஆஃபில் இருக்கிறது. அப்டேட் இப்படி ஒன்றை மட்டும் பொறுக்கி அணைக்காது. யாரோ கையால் அணைத்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் செய்தான். “அக்கா, கேமரா வரலையாமே? நீங்க பாட்டுக்கு வேலைக்குக் கிளம்புங்க. நான் வந்து பாத்துக்கறேன்.”

நான் யாரிடமும் சொல்லவில்லையடா. எனக்கே அப்போதுதான் தெரியும்.

ஷூ ஸ்டாண்டில் வைக்கிற வாசல் மாற்றுச் சாவியைக் காணோம். நீ எடுத்திருந்தால் ஒரு வார்த்தை சொல், எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். பூட்டை மாற்ற ஆள் கூட்டிவரப் போகிறேன்.

அக்கா

மேசையில் வைக்க மனம் வரவில்லை, அதனால்தான் சீட்டு ஹாட்பாக்ஸ் மூடிக்குள்.

உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள் என்று எழுத வந்தேன். வேண்டாம். தாழ்ப்பாள் வெளியே இருப்பவனைத்தான் தடுக்கும். நான் வரும்வரை ஹாட்பாக்ஸோடு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து சாப்பிடு.