ஐந்து பெயர் எழுதும் சீட்டு

ஜனவரி 9, வியாழன்

நாளை வெளியூரில் கூடைப்பந்து ஆட்டம். பஸ் கிளம்புவதற்குள் மேனேஜர், எல்லா அணியிலிருந்தும் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்குகிற ஆல்ஸ்டார் ஓட்டுச்சீட்டை எல்லோரிடமும் நீட்டினார். வழக்கம்போல ஐந்து பெயர். சொந்த அணிக்காரன் பெயர் எழுதக் கூடாது. முன்சீட்டு முதுகில் வைத்து எழுதினேன். நாலு பெயர் உடனே வந்துவிட்டது. ஐந்தாவதுக்குப் பக்கத்தில் இருந்தவனிடம், "இந்த வருஷம் வேற யாருடா நிறைய பாயிண்ட் போட்டிருக்கான்?" என்று கேட்டேன். அவன் சொன்ன பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இளசுகள் எல்லாம் பரீட்சை எழுதுகிற மாதிரி பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பாக வந்தது.

முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டுதான் பயணம்.

ஜனவரி 12, ஞாயிறு

மதியம் மச்சான் சாப்பிட வந்தான். பேச்சுக்கு மச்சான் இல்லை, நிஜ மச்சான். அவன் தங்கையைத்தான் நான் கட்டியிருக்கிறேன். அது தவிர பத்து வருஷம் ஒரே அணி. அவன் பந்தோடு ஓடி வருவான். அவனை விரட்டி வருகிறவனுக்குக் குறுக்கே போய் நான் அசையாமல் நிற்பேன். அந்த அரை நொடியில் அவன் கூடையைப் பார்த்து எறிந்துவிடுவான். அதற்கு ஸ்கிரீன் என்று பெயர். எறிந்தவன் கணக்கில் பாயிண்ட் ஏறும், நின்றவனுக்கு விலா வலிக்கும். அப்படி நின்று நின்று எனக்குச் 'செவுரு' என்று பட்டப்பெயர் வந்தது. அப்படி எறிந்து எறிந்து அவன் நாலு முறை ஆல்ஸ்டார் ஆனான். இப்போது டிவியில் வர்ணனை செய்கிறான். ஆல்ஸ்டார் தேர்வுக் குழுவில் ஓர் ஓட்டும் இருக்கிறது.

சாப்பாட்டு மேஜையிலேயே சண்டை ஆரம்பித்தது. வேறோர் அணியில் ஆடுகிற சுருள்முடிக்காரனுக்கு ஆல்ஸ்டாரில் இடம் உண்டு என்றான் அவன். ஆட்டத்துக்கு இருபத்தாறு பாயிண்டாம். "போடுறான், சரி. எதிராளி பந்தோட வந்தா பஸ் ஸ்டாண்டுல வழி கேக்குறவன் மாதிரி நிக்கிறானே, அத யாரு எழுதுறது?" என்றேன். "அத எழுதினா யாருடா படிப்பான்?" என்று சிரித்தான்.

அப்புறம்தான் சொன்னேன். முழங்கால் மார்ச்சோடு சரி, டாக்டர் கையை விரித்துவிட்டார், என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது என்று. பதினான்கு வருஷத்தில் ஒரே ஒரு தடவை அந்த ஆல்ஸ்டார் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்க ஆசை என்றும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இந்த வருஷம் நீ உள்ள இருக்க. நான் பாத்துக்கறேன். முழங்கால் சமாச்சாரம் என் வாயிலேர்ந்து வராது."

மகள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். "மாமா சொன்னா செய்வாருப்பா" என்றாள்.

ஜனவரி 17, வெள்ளி

எழுதியே ஆகணும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, தேர்வுக் குழுவினர் தங்கள் ஓட்டைச் சொல்லும் நேரலை. மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். மச்சான் தன் ஐந்து பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னான். முதல் பெயரே சுருள்முடி. ஐந்தும் முடிந்தது. நான் இல்லை.

நிகழ்ச்சி நடத்துகிற பெண் விடவில்லை. "உங்க மச்சானுக்கு ஓட்டு இல்லையா சார்?"

சிரிக்கிறான். அதே சிரிப்பு. "செவுரு நல்ல செவுருதாங்க. ஆனா செவுத்தப் பாக்க யாராவது டிக்கெட் வாங்குவாங்களா? ஆவரேஜ் ஆறு பாயிண்ட். அதோட அந்த முழங்கால வெச்சிக்கிட்டு மார்ச்சுக்கு மேல ஆடுவானாங்கறதே சந்தேகம்."

மகள் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

பாவி. என் வீட்டில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவன். இது துரோகம் இல்லாமல் வேறென்ன?

ஜனவரி 18, சனி

கோச் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "உன் முழங்கால் பத்தி நான் டிவியப் பாத்துத் தெரிஞ்சிக்கணுமா?" திங்கட்கிழமையிலிருந்து நான் பெஞ்சில். என் இடத்தில் வேறொருவன் ஆட்டத்தைத் தொடங்குவான்.

ஜனவரி 19, ஞாயிறு

மச்சான் ஒன்பது தடவை போன் அடித்தான். எடுக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

எடுத்தேன்.

"சொந்தக்காரனுக்குப் போட்டான்னு சொல்லிடுவாங்கடா. நானும் நேர்மையா இருக்கணும்ல" என்றான்.

"ஓட்டு வேணாம், விடு. என் முழங்கால எதுக்குடா ஊருக்கே கடை விரிச்ச?"

"வாய் தவறிடுச்சுடா."

இரண்டு மணி நேர வர்ணனையில் ஒரு பெயரைக்கூட மாற்றிச் சொல்லாத வாய் அது. தவறுமாம்! "நீ ஓடி வந்தப்ப எல்லாம் நான் எங்கடா நின்னேன்? என்னை எப்படிடா மறந்த?" என்று கேட்க வேண்டும். கேட்காமலே போனை வைத்துவிட்டேன். நேரில் கேட்கிறேன்.

மனைவி சொன்னாள்: "அவரு எங்க அண்ணன்தான். இல்லேங்கல. இந்த வாசப்படி ஏறட்டும், நான் பேசிக்கறேன்."

ஜனவரி 23, வியாழன்

பட்டியல் வந்தது. நான் இல்லை. சுருள்முடி இருக்கிறான்.

ஜனவரி 24, வெள்ளி

இந்த வருஷம் புது வழக்கம். யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஆட்டக்காரர்களின் சீட்டையும் சேர்த்து வெளியிட்டுவிட்டார்கள். உடைமாற்றும் அறையே போனும் கையுமாக இருந்தது. ஒருத்தன் என் முதுகில் தட்டினான்: "அண்ணே, உங்களுக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கு!"

போட்டவன் புல்டோசர். எதிரணியில் என் வேலையையே செய்கிறவன், ஆவரேஜ் ஐந்து பாயிண்ட். ஒன்பது வருஷமாக ஒருத்தரை ஒருத்தர் முட்டிக்கொள்கிறோம். என் புருவத்துத் தழும்பு அவன் முழங்கை கொடுத்தது. அவன் எனக்குப் போட்டிருக்கிறான். என் கூடப் பிறக்காத பிறப்பு என்று இருந்தவன் போடவில்லை, இவன் போட்டிருக்கிறான்! எத்தனையோ நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்புறம் அவனுக்கு எத்தனை விழுந்தது என்று பார்த்தேன். சைபர்.

ஜனவரி 27, திங்கள்

புல்டோசர் அணியோடு ஆட்டம். பின்பாதியில்தான் என்னை இறக்கினார்கள். இறங்கின மூன்றாவது நிமிஷம் அவன் போட்ட ஸ்கிரீனில் மோதி மல்லாந்து விழுந்தேன். சுத்தமான ஸ்கிரீன். இம்மிகூட அசையவில்லை. கூட்டம் மொத்தமும் பந்தை எறிந்தவனைப் பார்த்துக் கத்தியது.

அவன்தான் கை கொடுத்துத் தூக்கினான்.

"உன் சீட்டப் பாத்தேன்" என்றேன். "நான் வந்து..."

"விடுங்கண்ணே. நானும் உங்க சீட்டப் பாத்தேன்." என் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டான். "நான் நிக்கிறத நீங்க ஒருத்தராவது பாக்குறீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். அவ்ளோதான்."

திரும்பித் தன் இடத்துக்கு ஓடிவிட்டான்.

ஜனவரி 28, செவ்வாய்

காலையிலேயே மச்சான் வந்து நின்றான். மனைவி பேச வேண்டியதை எல்லாம் வாசலிலேயே பேசி முடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு என் முன்னால் உட்கார்ந்தான். முழங்கால் விஷயத்தை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. அதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"ஓட்டு?" என்றான்.

என்னை எப்படிடா மறந்த என்று எட்டு நாளாக நெஞ்சில் சேர்த்து வைத்திருந்த கேள்வி. டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன். "காப்பி ஆறுது, குடி" என்றேன்.

அவன் போனதும் இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஒன்பதாம் தேதி, நான் ஓட்டுச்சீட்டு எழுதின நாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை என்று எழுதியிருக்கிறேன். சிரிப்பாக வந்தது என்றும் எழுதியிருக்கிறேன்.