ரிசல்ட் என்ற ஒரே பெயர்

மே 9, வெள்ளி. கோவை.

பல்லடம் கோழிப்பண்ணையில் விசிறிகளை ஓட்டும் மென்பொருள் என்னுடையது. மென்பொருளைக் கட்டி நிறுவித் தரும் எங்கள் பேக்கேஜ் சிஸ்டம், எந்தப் பதிப்பைக் கட்டி முடித்தாலும் ‘ரிசல்ட்’ என்ற ஒரே பெயரில்தான் இணைப்பு வைக்கும். அதே இடத்தில் இன்னொன்றைக் கட்டினால், அந்தப் பெயர் சத்தமில்லாமல் புதியதற்குப் போய்விடும். வேறு பெயர் கொடுங்கள் என்று ஊருக்கே பாடம் எடுக்கும் மேதை நான். மதியம் பண்ணைக் கணினியில், விசிறியை நிறுத்திப் பார்க்கும் சோதனைப் பதிப்பை அதே இடத்தில் கட்டினேன். பண்ணைக்காரர் சென்னியப்பன் வீட்டு ஒப்புட்டுப் போளியையும் அவர் சம்பந்தி வீட்டு வம்பையும் ரசித்துவிட்டு, பெயரைப் பழையதற்குத் திருப்பாமல் அப்படியே வந்துவிட்டேன்.

இரவுதான் உறைத்தது. இப்போது ஓடுவது பழையது. கரண்ட் போய் வந்தால் கணினி ‘ரிசல்ட்’டைத்தான் ஓட்டும். விசிறி நின்றால் அடைத்த கொட்டகையில் கோழி தாங்காது. இங்கிருந்தே சரிசெய்ய அங்கே நெட்டும் இல்லை.

சென்னியப்பனுக்குப் போன் செய்தேன்.

“ஏனுங்க, அங்க கரண்ட் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. மழை இருட்டிக்கிட்டு வருது, எப்படியும் போயிரும். ஜெனரேட்டர் இருக்குது, நீங்களும் எல்லாம் பாத்துப்போட்டீங்க. நான் நிம்மதியாத் தூங்கறனுங்க.”

மேதை உண்மையைச் சொல்வதற்குள் அவர் வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் சுவிட்ச் ஆஃப்.

கார் சாவியை எடுத்துவிட்டேன். இந்த வரியை எழுதும்போதே எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது.